ஆவாரையைத் தேடிய அரும்பி

மேற்கே மலை, கிழக்கே ஆறு. இரண்டுக்கும் நடுவில், கல்லும் முள்ளுமாய்க் கிடந்த ஒரு காட்டில், ஆள் இடுப்புக்கு மேல் வளரத் தெரியாத ஓர் ஆவாரஞ்செடி இருந்தது.

வெள்ளாடு அதைக் கடிக்காது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்விடும். சித்திரை வெயிலில் சுற்றியுள்ள புல்லெல்லாம் கருகிப் பொடியானாலும் அந்தச் செடி மட்டும் பச்சையாக நிற்கும். நிற்பதோடு விட்டதா? கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூவும் பூத்துத் தள்ளும்.

அந்தச் செடியில்தான் அரும்பி என்கிற மஞ்சள் வண்ணத்துப்பூச்சி பிறந்தாள். பிறந்தபோது அவளுக்கு இறக்கை கிடையாது, குழந்தைகளே! அரிசி மணியில் பாதிகூட இல்லாத பச்சைப் புழுவாகத்தான் இருந்தாள். முட்டையை விட்டு வெளியே வந்ததும் பசித்தது. வாய்க்கு எதிரே ஆவாரை இலை இருந்தது. தின்றாள். மறுபடி பசித்தது. மறுபடி தின்றாள். ஒரே காம்பில் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருந்த சிற்றிலைகளை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தின்றுகொண்டே போனாள்.

அவளோடு பிறந்தவை ஐம்பது அறுபது இருக்கும். தவிட்டுக்குருவி கொத்தியது போக, எறும்பு இழுத்துப் போனது போக, மிஞ்சியவை நாலோ ஐந்தோதான். மிஞ்சியவற்றை அந்தச் செடி தன் பச்சைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டது. அந்தி சாய்ந்ததும் அது தன் சிற்றிலைகளை ஜோடி ஜோடியாக மடக்கிக்கொள்ளும். மடங்கிய இலைகளுக்கு நடுவே அரும்பி அசையாமல் கிடப்பாள். வெளியே எந்தக் குருவி கத்தினாலும் அவளுக்குக் கவலை இல்லை.

ஒரு நாள் அவள் ஒரு கிளையில் தலைகீழாகத் தொங்கி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டாள். சில நாள் கழித்துக் கூடு பிளந்தபோது அவளுக்கு இரண்டு ஜோடி இறக்கைகள் இருந்தன. அவற்றின் நிறம் ஆவாரம்பூவின் நிறம். பூவில் உட்கார்ந்தால் எது பூ, எது அரும்பி என்று சொல்ல முடியாது.

அவள் வேறெங்கும் போக நினைக்கவில்லை. ஆனால் ஆடி மாதம் வந்தது. ஆடிக் காற்று யாரைக் கேட்டு வீசுகிறது? மலைக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வந்த காற்று, பறந்துகொண்டிருந்த அரும்பியைத் தூக்கியது. அவள் இறக்கையை விரித்தாள். காற்று இன்னும் வேகமாகத் தள்ளியது. இறக்கையை மடக்கினாள், தலைகுப்புறப் புரண்டாள். கீழே கல்லும் முள்ளும் ஓடி மறைந்தன. திரும்பிப் பார்த்தபோது ஆவாரை ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

காற்று அவளை ஆற்றோரக் காட்டில் கொண்டுபோய்ப் போட்டது.

அது செழித்த காடு. மருதமும் நாவலும் நெருங்கி வளர்ந்திருந்தன. தரையெல்லாம் ஈரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பூக்கள். வெள்ளை, சிவப்பு, ஊதா என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். தேனுக்குப் பஞ்சமே இல்லை.

அரும்பி வயிறு நிறையத் தேன் குடித்தாள். குடித்துவிட்டு ஓர் இலையில் உட்கார்ந்து மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வழியாக வந்த தேனீ ஒன்று, "புதிதாக வந்தவளா? ஏன் இப்படி உம்மென்று இருக்கிறாய்?" என்று கேட்டது.

"எங்கள் ஆவாரை நினைவு வந்துவிட்டது" என்றாள் அரும்பி.

"அதில் தேன் அதிகமோ?"

"இல்லை. இங்கேதான் அதிகம்."

"பிறகென்ன? தேன் இருக்கும் இடம்தான் ஊர்" என்று சொல்லிவிட்டுத் தேனீ பறந்துவிட்டது. அதற்கு ஆயிரம் வேலை.

தேனீக்குப் புரியாத ஒன்று அரும்பியின் வயிற்றில் இருந்தது. முட்டைகள். இன்னும் இரண்டு மூன்று நாளில் அவற்றை இட்டாக வேண்டும். வளர்ந்த வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். ஆனால் பிறக்கப்போகும் புழு எந்த இலையையும் தின்றுவிடாது. தன் இனத்துக்கு உரிய இலை வாயருகே இல்லையென்றால், பிறந்த அன்றே பட்டினி கிடந்து செத்துப்போகும்.

அதனால் அரும்பி தேட ஆரம்பித்தாள். காலை முழுக்கத் தேடினாள். மருதமரத்தைச் சுற்றினாள், நாணலுக்குள் நுழைந்தாள், மூங்கில் புதரை மூன்று தரம் வலம் வந்தாள். ஆற்றங்கரைச் சமவெளியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி கூட்டம் கூட்டமாக முளைத்துக் கிடந்தது. அதன் மேல் பறந்தபோது ஒரு நாற்றம் வந்தது. அரும்பி முகத்தைச் சுளித்தாள்.

"சே, என்ன நாற்றம்! எங்கள் ஆவாரை எங்கே, இது எங்கே!" என்று சொல்லிக்கொண்டு உயரப் பறந்தாள்.

அந்தச் செடிக் கூட்டத்தின் ஓரத்தில் சாணி வண்டு ஒன்று, தன்னைவிடப் பெரிய சாண உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டிருந்தது. பெயர் உருட்டன். வேலையும் அதுதான். மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுவது அவன் சுபாவம். அதனால் அவனுக்கு நண்பர்கள் குறைவு.

"வண்டண்ணே, இங்கே ஆவாரை உண்டா?" என்று அரும்பி மேலிருந்தே கேட்டாள்.

"அப்படியென்றால் என்ன?"

"ஐயோ, ஆவாரையைத் தெரியாதா உங்களுக்கு! பொன் பொன்னாகப் பூக்கும். ஐந்து இதழ். காலையில் வெயில் விழுந்தால் கண் கூசும். உதிர்ந்த பூவெல்லாம் செடிக்கடியில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். நான் அதற்கு மேல் பறப்பேன். என் நிழல் அந்தப் பாய் மேல் ஓடும்..."

அவள் நெடுநேரம் சொன்னாள். பூவைப் பற்றியே சொன்னாள். தின்று வளர்ந்த இலையை மறந்துபோனாள். ஊர் தொலைவாகப் போய்விட்டால் நினைவும் அப்படித்தான், குழந்தைகளே! பளிச்சென்று இருந்தது மட்டும் கண்ணில் நிற்கும். தினந்தினம் வயிற்றை நிரப்பியது பின்னால் போய்விடும்.

உருட்டன் உருண்டையை நிறுத்தவில்லை. "எனக்குத் தரையைத் தவிர வேறொன்றும் தெரியாதம்மா" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டே போனான்.

ஆனால் அரும்பி சொன்னதை இன்னொருவன் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் காய்ந்த மரத்தண்டில், மரத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்த ஓணான் அவன். பெயர் செங்கழுத்தன்.

"தங்கச்சி!" என்று அவன் குழைந்து கூப்பிட்டான்.

அரும்பி பதறி ஓர் உயர்ந்த கிளை நுனிக்குப் போனாள். ஓணான் எதைத் தின்னும் என்று அவளுக்குத் தெரியாதா?

"பயப்படாதே. நான் காலையிலேயே வயிறு நிறைய எறும்பு தின்றுவிட்டேன். நீ ஆவாரை என்று சொன்னாய் பார், அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நானும் உங்கள் பக்கத்து ஆள்தான்."

"நிஜமாகவா?"

"கல்லும் முள்ளுமான காடுதானே? வெள்ளத்தில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். ஊரை நினைக்காத நாள் இல்லை."

செங்கழுத்தன் பிறந்தது அந்த மரத்தண்டின் பொந்தில். ஆற்றைத் தாண்டி ஓரடி வைத்தவனில்லை. கல்லும் முள்ளும் என்பதையும் மேற்கிலிருந்து காற்றில் வந்தவர்கள் புலம்பக் கேட்டுத்தான் அறிந்தான். ஆனால் அந்நிய இடத்தில் நம் ஊர்க்காரன் என்று ஒருவன் சொன்னால், பாதிப் பயம் அங்கேயே கரைந்துபோகும். அரும்பி ஒரு கிளை கீழே இறங்கினாள்.

"அண்ணா, இந்தக் காட்டில் ஆவாரை உண்டா?"

"இல்லாமலா? ஆற்று வளைவைத் தாண்டினால் ஒரு மேடு. அந்த மேட்டில் நிற்கிறது. பொன் பொன்னாகப் பூக்கும்."

"ஐந்து இதழா?"

"எண்ணிப் பார்த்துக்கொள், ஐந்துதான். காலை வெயில் விழுந்தால் கண் கூசும். உதிர்ந்த பூ அடியில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இன்றைக்கு உடம்பு சரியில்லை. நான் இங்கேயே வெயில் காய்கிறேன். நீயே போய்ப் பார்த்துக்கொள்."

அரும்பிக்கு இறக்கை படபடத்தது. கூட வருகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். வரவில்லை என்கிறானே! எவ்வளவு நல்லவன்!

அவள் கீழே பறந்து வந்து, "வண்டண்ணே, ஆவாரை கிடைத்துவிட்டது! அந்த அண்ணன் பார்த்திருக்கிறார்!" என்று கத்தினாள்.

உருட்டன் முதல்முறையாக உருண்டையை நிறுத்தினான்.

"அவன் சொன்னதெல்லாம் நீ என்னிடம் சொன்னதுதானே? புதிதாக ஒரு சொல்கூட இல்லையே."

"ஒரே செடியைப் பார்த்தவர்கள் ஒரே மாதிரிதானே சொல்வார்கள்?"

"அதுவும் சரிதான். இன்னொன்று கேட்கிறேன். உன் பிள்ளைகள் பூவையா தின்னும்?"

அரும்பிக்குக் கோபம் வந்தது. "பகலெல்லாம் சாணம் உருட்டுகிற உங்களுக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு விருட்டென்று பறந்தாள்.

ஆற்று வளைவு நீளமானது. எதிர்காற்று வேறு. அரும்பி தண்ணீருக்கு மேல் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், செங்கழுத்தன் வேர்களுக்கு அடியில் இருந்த குறுக்குவழியாக ஓடினான். அந்த வழி அவனுக்குப் பழக்கம். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்து, புதரின் அடித்தண்டில் ஏறி, மண் நிறத்துக்கு மாறி, வாலைக்கூட ஆட்டாமல் படுத்துக்கொண்டான்.

வளைவைத் தாண்டியதும் அரும்பி பார்த்தாள். மேட்டின் மேல் ஒரு புதர். இடுப்பளவு உயரம். அதில் மஞ்சள் பூ! ஐந்து இதழ்ப் பூ! புதருக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது.

கல்லும் முள்ளும் கண் முன்னால் வந்தன. உடன்பிறந்தவை எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்த கிளை வந்தது. முதன்முதலாக இறக்கையை உலர்த்திய காலை வந்தது. "வந்துவிட்டேன், வந்துவிட்டேன்" என்று முணுமுணுத்தபடி நேரே போய் ஓர் இலையில் இறங்கினாள்.

வண்ணத்துப்பூச்சிக்கு ருசி தெரிவது கால்களில். முட்டையிட வந்த தாய், இலையை முன்னங்கால்களால் தட்டிப் பார்ப்பாள். அரும்பியும் தட்டினாள்.

இலை ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி தட்டினாள். அந்த இலை மெத்தென்று, பஞ்சு போல இருந்தது. இதய வடிவில், அகலமாக, தனியாக ஒற்றை இலையாக இருந்தது. ஜோடி எங்கே? அவளுடைய கால்களுக்கு அந்த ருசி தெரியவே இல்லை. முன்பின் அறியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்பது போல நின்றாள். அது ஆவாரை அல்ல. துத்தி. பூவின் நிறம் மட்டும்தான் ஒன்று. மற்றபடி இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

அப்படியென்றால் கீழே உதிர்ந்து கிடப்பது?

அரும்பி குனிந்து பார்த்தாள். அவை இதழ்கள் அல்ல. இறக்கைகள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் இறக்கைகள். உடம்பு தின்னப்பட்டு, இறக்கை மட்டும் மிச்சமாகக் கிடந்தன. காற்று வந்தபோது அவை லேசாக அசைந்தன. ஒன்றின் ஓரத்தில் இருந்த கரும்புள்ளி அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பக்கத்துக் கூட்டிலிருந்து வெளிவந்தவளின் இறக்கை அது. எல்லாரையும் ஆடிக் காற்று இங்கேதான் கொண்டுவந்திருக்கிறது. எல்லாரும் ஆவாரையைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

தண்டில் இருந்த மண் கட்டி ஒன்று பாய்ந்தது.

அரும்பி எம்பினாள். செங்கழுத்தனின் வாய் அவளுடைய வலப்பக்கப் பின்னிறக்கையைக் கவ்வியது. அவள் உதறினாள். இறக்கையில் பாதி கிழிந்து அவன் வாயிலேயே தங்கிவிட்டது. மீதியோடு அவள் காற்றில் விழுந்தாள், எழுந்தாள், சுழன்றாள். இந்த முறை காற்று அவள் பக்கம் இருந்தது. எதிர்த்து வந்த காற்றே திரும்பும் வழியில் அவளை ஏந்திக்கொண்டு போனது.

"தங்கச்சி! எங்கே போகிறாய்? ஊர்ப் பேச்சுப் பேசலாம், வா!" என்று பின்னாலிருந்து செங்கழுத்தன் சிரித்தான்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. இறக்கை நனைந்து கனத்தது. இனிப் பறக்க முடியாது என்று ஆனபோது, கீழே எது இருக்கிறதோ அதில் அரும்பி விழுந்தாள். அதே நாற்றம் மூக்கில் ஏறியது. ஆற்றங்கரைச் சமவெளியில், காலையில் முகம் சுளித்துவிட்டுப் போன அதே செடிக் கூட்டம்.

அவளுக்கு முகம் சுளிக்கக்கூடத் தெம்பில்லை. ஓர் இலைக்கு அடியில் கால்களை ஊன்றித் தொங்கினாள். உடன்பிறந்தவளின் இறக்கை நினைவுக்கு வந்தது. மேற்கே திரும்பிப் போக முடியாது. பாதி இறக்கையோடு எவ்வளவு தூரம் போவது? வயிற்றில் உள்ள முட்டைகளை என்ன செய்வது?

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால்கள் எதையோ சொல்லத் தொடங்கின.

முதலில் அவள் நம்பவில்லை. ஏங்கி ஏங்கி எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். மறுபடி தட்டினாள். இலை பதில் சொன்னது. பக்கத்து இலையைத் தட்டினாள். அதுவும் பதில் சொன்னது. பசித்த வாயோடு முட்டையிலிருந்து வெளியே வந்த அன்று, முதன்முதலாகக் கடித்த அந்த ருசி!

மழை விட்டது. மேற்கே மேகம் விலகி, சாயங்கால வெயில் சிவப்பாக விழுந்தது. அரும்பி அப்போதுதான் அந்தச் செடியைக் கண்ணால் பார்த்தாள். ஒரே காம்பில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். இலைக்கக்கத்தில், தலை கவிழ்ந்தபடி, சின்னதாக ஒரு மஞ்சள் பூ. கீழே மெல்லிய நீளக் காய்கள், ஊசி போல. ஆவாரையின் காய் பட்டையானது, இது வேறு. ஆவாரையின் பூ கொத்து, இது தனிப்பூ. ஆனாலும்...

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் மங்கியது. சிற்றிலைகள் ஒவ்வொரு ஜோடியாக மெல்ல மடங்கத் தொடங்கின. அவளைச் சுற்றிலும் அந்தச் சமவெளி முழுக்க, ஆயிரம் செடிகள், ஒரே நேரத்தில்.

அரும்பி மடங்கிய இலைகளுக்கு நடுவில் ஒண்டிக்கொண்டாள்.

காலையில் உருட்டன் வந்தான். மழையில் அவனுடைய உருண்டை கரைந்துபோயிருந்தது. அவன் புதிதாக ஒன்றை உருட்டத் தொடங்கியிருந்தான். அரும்பியின் கிழிந்த இறக்கையைப் பார்த்தான். 'நான் அப்போதே சொன்னேனே' என்று அவன் சொல்லவில்லை. அது அவனுடைய நல்ல குணம்.

"வண்டண்ணே, இந்தச் செடிக்கு என்ன பெயர்?"

"தகரை. மழை பெய்தால் தானாக முளைக்கும். இங்கே யாரும் இதை மதிப்பதில்லை."

"நேற்று நானும் மதிக்கவில்லை. உங்களையும்தான்."

"அதை விடு. இப்போது ஏன் கேட்கிறாய்?"

"இது எங்கள் ஆவாரையின் தங்கை" என்றாள் அரும்பி. "முகம் வேறு. வாசனை வேறு. இலை ஒன்று. ருசி ஒன்று."

உருட்டன் ஒரு தகரை இலையை அண்ணாந்து பார்த்தான். "இலை ஜோடி ஜோடியாக இருந்தால் சொந்தமா?"

"அது மட்டும் போதாது. காலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்."

"என் குழிக்கு மேலே ஒரு மரம் நிற்கிறது. இலை இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பெரிது. தடி தடியாகக் காய் தொங்கும். கொன்றை என்பார்கள். ஏறிப் பார்க்கிறாயா?"

அரும்பி நொண்டி நொண்டிப் பறந்து போய்க் கொன்றையின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தாள். அண்ணாந்தால் உச்சி தெரியாத மரம். இடுப்பளவு ஆவாரை எங்கே, இது எங்கே? அவள் தயங்கியபடி ஒரு தளிரைத் தட்டினாள்.

"இது அண்ணன்!" என்று அவள் கத்திய கத்தலில் உருட்டனின் கால் நழுவி உருண்டை பள்ளத்தில் ஓடிவிட்டது.

அன்று பொழுது சாய்வதற்குள் அரும்பி முட்டைகளை எல்லாம் இட்டு முடித்தாள். இலைக்கு ஒன்றாக வைத்தாள். தகரையில் பாதி, கொன்றைத் தளிரில் பாதி.

அதற்கு மறுநாள் ஆடிக் காற்று இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்து போட்டது. ஏழு மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள், எல்லாம் மேற்குக் காட்டுப் பெண்கள். வந்ததும் வராததுமாய் மேற்கே பார்த்து ஏங்கத் தொடங்கின.

காய்ந்த மரத்தண்டிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "தங்கச்சிகளா! உங்கள் ஊரில் என்ன செடி? ஆவாரையா? அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது."

ஏழும் ஒரு கிளை கீழே இறங்கின. அரும்பி பார்த்தாள். அவன் பாய்ந்தால் எட்டும் தூரத்துக்குள் போகக்கூடாது. பாதி இறக்கையோடு இன்னொரு முறை தப்ப முடியாது. அவள் கொன்றைக் கிளையில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள்.

"அண்ணா, நானும் அந்த ஊர்தான். உங்கள் ஆவாரையைப் பற்றி நானும் கேட்க வேண்டும்."

செங்கழுத்தன் அவளைப் பார்த்ததும் கழுத்தை ஒரு முறை உப்பினான். ஆனால் ஏழு விருந்து எதிரே இருக்கும்போது பேச்சை நிறுத்துவானா? "கேள், தங்கச்சி."

"அந்தி நேரத்தில் உங்கள் ஆவாரை என்ன செய்யும்?"

ஓணான் திகைத்தான். அதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ஏங்கி வந்தவர்கள் எல்லாரும் அவனிடம் பூவைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தி நேரத்திலா? அது... இன்னும் பளபளவென்று பூக்கும்."

"இலை?"

"இலையும் விரிந்துகொள்ளும். அகல அகலமாக, மெத்தென்று..."

ஏழு வண்ணத்துப்பூச்சிகளும் ஒன்றையொன்று பார்த்தன.

"ஆவாரை இலை மெத்தென்றா இருக்கும்?" என்றது ஒன்று.

"அந்தியில் மடங்கித்தானே போகும்?" என்றது இன்னொன்று.

"இவர் நம் ஊர் இல்லை" என்றது மூன்றாவது.

ஏழும் ஒரே நேரத்தில் மேலே எழும்பின. செங்கழுத்தன் பாய்ந்தான். அவனுடைய வாயில் காற்றுதான் அகப்பட்டது. தண்டிலிருந்து தவறி, உருட்டன் புதிதாக உருட்டி வைத்திருந்த சாண உருண்டையின் மேல் தொப்பென்று விழுந்தான். சிவப்பானான், மஞ்சளானான், கடைசியில் சாணத்தின் நிறமானான். மாறுவதற்கு வேறு நிறம் இல்லாமல், மெல்ல நகர்ந்து மறைந்தான். அந்தப் பருவம் முழுக்க அவனுக்கு எறும்புதான் உணவு.

ஏழு பெண்களையும் அரும்பி தகரைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். நாற்றம் பட்டதும் அவை முகம் சுளித்தன. "காலை வைத்துப் பாருங்கள்" என்றாள் அரும்பி, அவ்வளவுதான். வைத்துப் பார்த்தவை இலைக்கு ஒன்றாக முட்டையிடத் தொடங்கின.

மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தன. சமவெளி முழுக்கப் பச்சைப் புழுக்கள். அவை தின்றன, மறுபடி தின்றன. சில நாள் கழித்து அரும்பி தாழப் பறந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு புழு மட்டும் தன் செடியை மொட்டையாக்கிவிட்டுப் பசியில் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு கொன்றைக் கன்று சாய்ந்திருந்தது.

"இதில் ஏறிக்கொள், கண்ணே. இது உன் மாமா வீடு" என்றாள் அரும்பி.

புழு ஊர்ந்து போய் ஒரு கடி கடித்தது. மென்றது. இன்னொரு கடி கடித்தது. பிறகு தலையைத் தூக்கி, தான் விட்டு வந்த மொட்டைச் செடியை ஏக்கத்தோடு பார்த்தது.

"நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனாலும் எங்கள் தகரை மாதிரி வருமா?"

அரும்பி சிரித்தாள். கிழிந்த இறக்கை நடுங்க நடுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

நீதி: நிறத்தைக் கண்டு உறவென்று நம்புபவர் ஏமாறுவர், இயல்பைத் தொட்டு அறிபவர் போன இடத்திலும் தம்மவரைக் காண்பர்.